வடசென்னையில் ஒரு சிறிய பயிற்சி அறக்கட்டளை வளர்வது எப்படி?

[காட்சி: பெரம்பூர், பழைய ஆலைச் சுற்றுச்சுவர்]

பெரம்பூரில் பின்னி துணி ஆலை 1996 இல் மூடப்படும் வரை, பள்ளிப் படிப்பை முடிக்காத இளைஞரும் உறவினர் ஒருவரின் சிபாரிசில் உள்ளே நுழைந்து, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தே தொழில் பழகி, மாதச் சம்பளக்காரராக ஆகிவிட வழி இருந்தது. மணலியிலும் எண்ணூரிலும் இன்றும் பெரிய தொழிற்சாலைகள் உள்ளன. ஆனால், ஐடிஐ சான்றிதழோ பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோ இல்லாதவருக்கு அங்கே பெரும்பாலும் கிடைப்பது ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி வேலைதான்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் போன்ற பகுதிகளில் பள்ளியிலிருந்து இடைநின்ற இளைஞர்களுக்கு வெல்டிங், தையல், ஏசி பழுதுபார்த்தல் கற்றுத்தரும் சிறிய அறக்கட்டளைகள் இந்த இடைவெளியை அடைக்க முயல்கின்றன. ஆண்டுக்கு இருபது பேருக்குப் பயிற்சி தருபவர்கள் அதை இருநூறாக உயர்த்த விரும்புவது இயல்பே. எனினும், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் கழித்தும் அந்தத் தொழிலில் நிலைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு நன்றாக வந்த பிறகே சேர்க்கையைக் கூட்ட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை]

முதலில் வகுப்பு நேரத்தைப் பார்ப்போம். காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடுகிறது. அங்கே ஐஸ் உடைத்து, கூடை சுமந்துவிட்டு வீடு திரும்பும் பதினேழு வயதுப் பையனை ஒன்பது மணி வகுப்பில் உட்கார வைத்தால் அவன் தூங்கத்தான் செய்வான். பிற்பகல் வகுப்பே அவனுக்குப் பொருந்தும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அந்த நாட்களில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும், வீட்டில் பணம் இருக்காது. ஆகவே, ஜூன் மாதப் பள்ளித் திறப்பை ஒட்டிப் பயிற்சியைத் தொடங்கும் வழக்கத்தை விட்டு, தடைக்காலத்தில் உதவித்தொகையுடன் தொடங்கினால் வருகை நிலைக்கும்.

[காட்சி: ஓர் இளைஞரின் கையில் சாப்பாட்டுப் பையும் பேருந்துச் சீட்டும்]

அடுத்துச் சொல்வதே மிக முக்கியமானது. பயிற்சி முடித்து அம்பத்தூரில் வேலைக்குச் சேரும் இளைஞருக்கு முதல் சம்பளம் வர ஒரு மாதம் ஆகும். அதுவரை மாலையானால் கையில் கூலி வாங்கி வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த முதல் முப்பது நாட்களில் பேருந்துச் செலவு, மதியச் சாப்பாடு, பாதுகாப்புக் காலணி எல்லாம் கடனில் நடக்கின்றன. பத்தாவது நாளில் பழைய மேஸ்திரி கூப்பிட்டால், அவர் சுமை தூக்கத் திரும்பிவிடுகிறார். இதைச் சோம்பல் என்று எழுதிவைப்பது பெரும் அநியாயம். முதல் மாதத்துக்கு ஒரு சிறு தொகையை வாரந்தோறும் கொடுத்து, வேலை முடிந்து வந்ததும் தொலைபேசியில் விசாரிக்க ஒருவரை நியமித்தால், அதுவரை செய்த பயிற்சிச் செலவு வீணாகாமல் நிற்கும். இந்தத் தொகைக்குத் திட்ட மதிப்பீட்டில் தனித் தலைப்பு ஒதுக்குங்கள்.

[காட்சி: சான்றிதழ்கள், விண்ணப்பங்கள்]

வயதைச் சரிபார்க்காமல் யாரையும் சேர்க்கக் கூடாது. 14 வயது நிறையாத பிள்ளையின் இடம் பள்ளிக்கூடம்தான். கல்வி உரிமைச் சட்டத்தின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க உதவுவதே அறக்கட்டளையின் கடமை. 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்த, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்கிறது. தொழிலோடு படிப்பையும் தொடரச் செய்வது நல்லது. எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியே பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியுடன் ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் சேரலாம், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தேவை.

[காட்சி: கணக்குப் புத்தகம்]

பணத்துக்கு வருவோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அறக்கட்டளைப் பத்திரம், நிரந்தரக் கணக்கு எண், 12ஏ (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) என்று வழக்கில் அழைக்கப்படும் வருமான வரிப் பதிவுகள் ஆகியவை அடிப்படை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகப் பெறும் நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது என்பதால், வங்கி வழியாகவே பெறுவது இரு தரப்புக்கும் நல்லது. 2013 ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின்படி, சட்டம் குறிக்கும் அளவை எட்டிய பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தொழிற்பயிற்சியும் அவற்றில் அடங்கும். அந்த நிதியைப் பெற்றுப் பணியாற்ற, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 என்ற படிவம் வழியாகச் செய்யும் பதிவோடு, இத்தகைய பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். ஒரே நிறுவனத்தை நம்பி ஐந்து ஆசிரியர்களை அமர்த்திவிட்டால், மறு ஆண்டு அந்த நிதி நிற்கும்போது வகுப்பும் நின்றுவிடும். பேட்டையின் பட்டறை உரிமையாளர்களும் கடைக்காரர்களும் மாதந்தோறும் தரும் சிறு தொகை வாடகையையும் ஒருவரின் சம்பளத்தையும் தாங்கும் நிலை வந்த பிறகே பெரிய நிதியைத் தொடுவது பாதுகாப்பு.

[காட்சி: திருவொற்றியூர், ஒரு குடியிருப்புத் தெரு]

இரண்டாவது மையம் எங்கே? பெண்கள் இருட்டுவதற்குள் நடந்தே வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காகவே பள்ளியை விட்ட பெண்கள் பலர் இருப்பதால், குழந்தைகளை உட்கார வைக்க ஓர் அறை இருந்தால் சேர்க்கை உயரும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தெருவின் தரைத்தளத்தைத் தவிர்க்கவும், தையல் இயந்திரமும் கணினியும் ஒரே இரவில் பாழாகும். அங்கே பொறுப்பாளராக, முதல் மையத்தில் பயின்று வேலையில் நிலைத்த ஒருவரை முழுச் சம்பளத்துடன் அமர்த்துங்கள். சேர்க்கைக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அவர் வீடு வீடாகச் சென்று பெற்றோரைச் சந்திப்பதும், தொலைந்த மாற்றுச் சான்றிதழ்களுக்குப் பழைய பள்ளிகளில் விண்ணப்பிப்பதும், இ-சேவை மையத்தில் ஆதார் முகவரியைத் திருத்தித் தருவதும் நடக்கட்டும்.