கட்டைவிரலுக்கு ஆண் என்ன, பெண் என்ன?

(பெங்களூரு காக்ஸ் டவுனில் நடந்த பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘வீடியோ கேம்கள் தருவது பெண்ணின் புதிய முன்மாதிரியா, பழைய பொம்மைக்குப் புதுச் சட்டையா?’ முன்மாதிரியே என்ற அணியின் மூன்றாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, மணியை அவர் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கும் விழாக் குழுவினரே, பெரியோர்களே, வடையை இரண்டாம் முறை வாங்கப் போய் இன்னும் திரும்பாத என் கணவரே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் 1981-இல் பேச்சைத் தொடங்கினார். டாங்கி காங் என்ற கேமில் ஒரு குரங்கு பெண்ணைத் தூக்கிக்கொண்டு உயரே ஏறுகிறது. தச்சர் ஒருவர் காப்பாற்றப் போகிறார். அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட வைக்காமல் வெறும் ‘லேடி’ என்று விட்டுவிட்டார்கள் என்று மேசையைத் தட்டினார். அப்புறம் 1985-க்கு வந்தார். சூப்பர் மாரியோவில் ஏழு கோட்டைகளில் போய்த் தேடினாலும் இளவரசி வேறு கோட்டையில் இருக்கிறாள் என்ற பதில்தான் கிடைக்கிறது, எட்டாவதில்தான் அகப்படுகிறாள். இதில் பெண்ணுக்கு என்ன வேலை, காத்திருப்பதைத் தவிர என்று கேட்டார். 2005-இல் அதே இளவரசிக்குத் தனி கேம் கொடுத்தார்களே, ஆயுதமாக என்ன கொடுத்தார்கள்? அழுகை! அவள் அழுதால் செடி வளரும், தீ அணையும். கோபப்பட்டால் எதிரி எரிவான் என்று முடித்தார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கேமுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஐயா சொன்ன தகவல்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பேருந்தை 2005-லேயே நிறுத்திவிட்டு இதுதான் கடைசி நிறுத்தம் என்று எல்லாரையும் இறக்கிவிட்டார். வண்டி அதன்பிறகும் ஓடியது ஐயா.

அடுத்துப் பேசிய அம்மையார் டூம் ரைடர் என்ற கேமின் நாயகி லாரா கிராஃப்டின் இடுப்பை அளந்தார். 1996-இல் டூம் ரைடரை உருவாக்கியவர்கள்கூட அவ்வளவு நேரம் அளந்திருக்கமாட்டார்கள். 2013-இல் அதே லாரா காயமும் சேறுமாக, முழுக் காற்சட்டையோடு திரும்பி வந்ததையும், அந்தக் கதையை எழுதியவர் ரியானா பிராட்செட் என்ற பெண் என்பதையும் சொல்ல அவருக்கு நேரமில்லாமல் போய்விட்டது. இருக்கட்டும். அவர் சொன்ன இன்னொரு செய்திக்கு நான் உண்மையிலேயே நன்றி சொல்ல வேண்டும். அவர் அறியாமலே என் கட்சிக்கான சாட்சியை அழைத்து வந்து கூண்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

1986-இல் வந்த மெட்ராய்டு. தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் அணிந்த வீரர், பெயர் சாமஸ் ஆரன். கேமோடு வந்த கையேட்டிலேயே ‘அவன்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். வேகமாக ஆடி முடித்தால், முடிவில் கவசம் கழன்று உள்ளே இருப்பவள் பெண் என்று தெரியும். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் நிற்பாள். அம்மையார் இதைக் கண்டித்தார். நானும் கண்டிக்கிறேன். பெண்ணின் உடலைப் பரிசுப் பொருளாக வைத்ததைப் பாராட்ட என் நாக்கு கூசும். ஆனால் அந்தக் கடைசிக் காட்சிக்கு முந்தைய நேரத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனையோ பையன்கள் மணிக்கணக்கில் அந்தக் கவசத்துக்குள் இருந்து ஓடினார்கள், சுட்டார்கள், பள்ளத்தில் விழுந்து எழுந்தார்கள். தாங்கள் ஒரு பெண்ணாக இருந்தது அவர்களுக்கே தெரியாது. பொத்தானை அழுத்திய கட்டைவிரல் அந்த வேறுபாட்டைக் கவனிக்கவே இல்லை!

இங்கேதான் எதிரணிக்கும் எனக்கும் வழி பிரிகிறது. திரையில் பெண் எப்படித் தெரிகிறாள் என்று அவர்கள் பார்க்கிறார்கள். கேமை இயக்கும் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று நான் பார்க்கிறேன். சினிமாவில் கதாநாயகி கிணற்றில் விழுந்தால் பக்கத்து இருக்கைக்காரர் “ஐயோ, விழுந்துவிட்டாள்” என்பார். கேமில் யாராவது அப்படிச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? ஒரு சனிக்கிழமை மாலை என் மகன் கூடத்திலிருந்து “அம்மா, நான் செத்துவிட்டேன்!” என்று அலறினான். கரண்டியோடு ஓடினேன். திரையில் ஒரு சிறுமி தரையில் கிடந்தாள். திரிசூலம் பக்கத்தில் கிடந்தது. “யாரடா செத்தது?” என்றேன். “நான்தான்” என்றான், முகத்தில் துளியும் குழப்பமில்லாமல்.

அந்தச் சிறுமியின் பெயர் ராஜி. புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கேம். கூத்தாடிக் கூட்டத்தில் வளர்ந்த பெண். தம்பியை அசுரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பேசிக்கொண்டே வருகிறார்கள். கீழே இவள் கம்பத்தில் ஏறி, சுவரில் ஓடி, சண்டை போட்டுக்கொண்டே தேடுகிறாள். எதிரணித் தலைவரே, உங்கள் 1981-ஐ இதன் பக்கத்தில் வையுங்கள். தூக்கிப் போகப்பட்டவன் ஆண், மீட்கப் போகிறவள் பெண். என் பதினாறு வயதுப் பையன் அவளாக இருந்து பத்துத் தடவை செத்து, பதினோராவது தடவை தம்பியைத் தேடிப் புறப்பட்டான். முன்மாதிரி என்றால் பெண் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதற்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? ஒரு பையன் உள்ளே புகுந்து நடந்து பார்க்கக்கூடிய முன்மாதிரியைச் சுவரில் மாட்டிய எந்தப் படம் தரும்?

ஆண் பெண்ணாவதா, இதெல்லாம் மேல்நாட்டுப் பைத்தியம் என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. தாத்தா, நாம் உட்கார்ந்திருப்பது பெங்களூரு. ஆண்டுதோறும் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறதே, பார்த்ததில்லையா? திகளர் குலத்து ஆண் ஒருவர் சேலை உடுத்தி, வளையல் அணிந்து, மல்லிகை மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தி, கையால் தொடாமல் விடியும்வரை தெருத் தெருவாக வருகிறார். அந்த இரவுக்கு அவர்தான் திரௌபதி. சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் போய்த்தான் வருகிறார்கள். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, கையெடுத்துக் கும்பிடுகிறோம். நம் பழைய நாடகக் கம்பெனிகளில் பையன்கள்தானே வள்ளி, பையன்கள்தானே பவளக்கொடி? நமக்கு இது புதிதே இல்லை. மேடையில் இருந்தது கட்டைவிரலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

செல்டா விஷயத்துக்கு வருகிறேன். தி லெஜண்ட் ஆஃப் செல்டா என்று 1986-இல் தொடங்கிய வரிசை. பலகையில் பெயர் இளவரசி செல்டாவுடையது. ஆடுவதோ லிங்க் என்ற பையனை வைத்து. கடைக்கு மனைவி பெயர், கல்லாவில் கணவன் என்பதுபோல. 38 ஆண்டுகள் கழித்து 2024-இல்தான், முதன்மையான ஒரு செல்டா கேமில் அவளையே வைத்து முழுக்க ஆட முடிந்தது. டொமோமி சானோ என்பவர் இயக்கினார். அந்த வரிசையை இயக்கிய முதல் பெண். இதற்கும் எதிரணி ஒரு குத்தல் வைத்திருந்தது: “வாளைக் கொடுக்காமல் கட்டிலையும் மேசையையும் கொடுத்தார்கள், வீட்டுச் சாமான்!” ஆமாம், அவள் பார்த்த பொருள்களின் பிரதியை வரவழைக்கிறாள். கட்டிலின் மேல் கட்டில் அடுக்கிச் சுவரைத் தாண்டுகிறாள். நடுவர் அவர்களே, பரணில் ஏற நாற்காலியின் மேல் முக்காலி போட்டு நிற்காத ஒரு பெண்ணை இந்த அரங்கில் காட்டுங்கள்! வாளைச் சுழற்ற யாரும் கற்றுக்கொள்ளலாம். கையில் கிடைத்ததை வைத்துக் கடக்கிற புத்தியை முதன்முதலாக வீரம் என்று ஒரு கேம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அசாசின்ஸ் கிரீட் என்ற கேம் வரிசை பற்றி ஒரே வரி. பெண் பாத்திரம் வைத்தால் அசைவுகளை எல்லாம் கூடுதலாகச் செய்ய வேண்டும், வேலை அதிகம் என்று 2014-இல் சொன்னார்கள். 2018-இல் அதே வரிசையில் கஸாண்ட்ரா என்ற நாயகி கப்பலே ஓட்டினாள்.

இப்போது வெண்பா. இதைப் பற்றிப் பேசாமல் அமர்ந்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது; ஏன் என்பதைச் சொல்கிறேன். டொராண்டோவில் விசை என்ற சிறிய குழு உருவாக்கி 2023-இல் வந்த கேம். 1988-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். வெண்பா என்ற அம்மா, கணவர், பிறகு ஒரு மகன். ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. எழுத்து அழிந்த இடங்களில் சரியான முறையை நாமே யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. எதிரணித் தலைவர் இதைத்தான் தன் பிரம்மாஸ்திரம் என்று எடுத்தார். “தமிழ்ப் பெண் ஒருத்தி உலகமே ஆடும் கேமுக்குள் வந்தாள். வந்தவளை எங்கே நிறுத்தினார்கள்? அடுப்படியில்! அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்றவர்களின் பேரன்கள் செய்த கேம்!” கைதட்டல் பலமாக இருந்தது.

ஐயா, அடுப்படியில் நின்றது யார்? கன்ட்ரோலரைப் பிடித்தவர். என் வீட்டில் அது என் மகன். எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டர் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. அந்தக் கேமில் முதல் பலகாரமே இட்லி. ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு எழுந்து வந்து, “அம்மா, இட்லித் தட்டை ஏன் குழிமேல் குழி வராமல் மாற்றி அடுக்க வேண்டும்?” என்று கேட்டான். நான் இருபது வருடமாக இயற்பியல் ஆசிரியை. ஆவியின் அழுத்தம், கொதிநிலை, கொதிகலன் எல்லாம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். என் சமையலறையிலேயே இருந்த ஆவிப் பாத்திரத்தைப் பற்றி ஒரு கேள்விகூட நான் பிள்ளைகளிடம் கேட்டதில்லை. மேல் தட்டின் குழி கீழ் இட்லியின் தலையில் உட்கார்ந்தால் அது உப்ப இடமில்லை. ஓட்டைகள் வழியே ஆவி ஏற வேண்டும் என்று அன்று ராத்திரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை தானே செய்கிறேன் என்றான். தட்டை மிகச் சரியாக அடுக்கினான். பானையில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டான். அந்தப் பானையின் அடிக்கருப்பை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு இட்லி வந்தது. சாப்பிடும்போது அவன் கேட்டதுதான் எனக்கு முக்கியம். “மாவு எங்கிருந்து வந்தது?” அதுவரை இட்லி மாவு ஃப்ரிட்ஜில் தானாக முளைக்கிறது என்று நினைத்திருக்கிறான்! முந்தைய நாள் காலை ஊறவைத்தது, மாலையில் அரைத்தது, தை மாதக் குளிரில் மாவு பொங்காதே என்று போர்வை சுற்றி வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கேட்காத கேள்வி அது.

அடுப்படியில் பெண்ணை நிறுத்தினால் பழைய வார்ப்பு என்பது எதிரணியின் கணக்கு. அப்படியானால் என் அம்மா, உங்கள் அம்மா எல்லாரும் வெறும் வார்ப்புகளா? அவர்கள் கைப்பக்குவத்துக்கு முன்மாதிரி என்ற பெயர் கிடைக்க வாள் ஒன்று வாங்கிக்கொடுக்க வேண்டுமா? வெண்பா என்ற கேம் அவளை அடுப்பிலிருந்து நகர்த்தவில்லை, உண்மைதான். அடுப்புக்கு முன்னால் என் மகனைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவன் திருந்திவிட்டான் என்று நான் பொய் சொல்லமாட்டேன். சாப்பிட்ட தட்டை இன்றும் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் போகிறான்.

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் கல்லூரி மாணவி. குழுவாகச் சுடும் கேம்களில் தன் குரல் பெண் குரல் என்று தெரிந்ததும் “போய்ச் சப்பாத்தி போடு” என்கிறார்கள், அதனால் மைக்கை அணைத்துவிட்டே ஆடுகிறேன் என்றாள். மகளே, உனக்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்லி மதிப்பெண் வாங்க எனக்கு மனமில்லை. நீ சொன்னது வலிக்கிறது. ஒன்றுமட்டும் கேட்கிறேன்: அந்தப் பையன் அந்த வாக்கியத்தை எந்தக் கேமில் படித்தான்? அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படித்தான். அவனிடம் நான் அந்த இட்லிப் பானையைக் கொடுத்து அனுப்ப ஆசைப்படுகிறேன்.

நடுவர் மணியைத் தேடுகிறார். இரண்டே நிமிடம். கேமுக்கு உள்ளே இருக்கும் பெண்களையே பேசிக்கொண்டிருக்கிறோம். உள்ளே வைத்தவர்களை மறந்துவிட்டோம். 1982-இல் ரிவர் ரெய்டு என்று ஒரு கேம். ஆற்றின் மேல் விமானம் பறக்கும். ஆறு வளைந்துகொண்டே போகும். வெறும் 4 கிலோபைட் இடம். அவ்வளவு ஆற்றையும் வரைந்து சேமிக்க வழியில்லை என்பதால், கணக்குப்போட்டு அப்போதைக்கப்போது ஆற்றை உண்டாக்கும்படி எழுதியவர் கரோல் ஷா. நம் அண்ணன்மார் ஆடி மகிழ்ந்த அந்த விமானம் ஒரு பெண்ணின் கணக்கில் பறந்தது.

நம் ஊரிலும் 1997-இலேயே துருவா இன்டராக்டிவ் என்ற நிறுவனம் கேம் வேலையைத் தொடங்கிவிட்டது. இன்று இந்த நகரத்தில் அந்தத் தொழிலில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் பழைய மாணவி. இயற்பியலில் சுமார்தான், நோட்டின் ஓரமெல்லாம் மரம் வரைந்துவைப்பாள், நான் திட்டுவேன். போன மாதம் கமர்ஷியல் தெருவில் பார்த்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கேமுக்கு மரம் வரைகிறாளாம், அதற்குச் சம்பளமும் தருகிறார்களாம். எந்தக் கேம் என்று கேட்டேன். ஒப்பந்தம் இருக்கிறது, சொல்லக்கூடாது டீச்சர் என்றாள். சரி, அந்த மரத்தடியில் யார் நிற்கிறார்கள் என்றாவது சொல் என்றேன். “கையில் கோடரியோடு ஒரு பாட்டி” என்றாள்.

மணி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அமர்கிறேன், வணக்கம்.