மூளையின் அழற்சியும் கன்னபினாய்டுகளும்

நேயர்களுக்கு வணக்கம். கஞ்சாச் செடியில் உள்ள கன்னபினாய்டுகள் மூளையின் அழற்சியைத் தணிக்குமாமே என்று பலரும் கேட்கிறார்கள். ஆய்வகத்தில் தணிக்கிறது, உண்மைதான். ஆனால் எந்தக் கன்னபினாய்டு, எந்தச் செல்லில் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்லவே கூடாது என்பது என் கருத்து.

மூளையில் நரம்பணுக்களுக்கு இடையே மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் இருக்கின்றன. இவற்றை 1919இல் தனி வகையாக அடையாளம் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா. சாதாரண நேரத்தில் இவை மெல்லிய கிளைகளை நீட்டி, சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்தபடியே இருக்கும். அடிபட்டாலோ கிருமி நுழைந்தாலோ கிளைகளை உள்ளிழுத்துத் திரண்டுகொண்டு, அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் நைட்ரிக் ஆக்சைடையும் வெளியிடும். வந்த வேலை முடிந்ததும் அடங்கிவிட்டால் சரி. அடங்காமல் நீடித்தால் பக்கத்து நரம்பணுக்களே சேதமாகும்.

இதைக் கட்டுக்குள் வைக்க உடம்பு தானே கன்னபினாய்டுகளைத் தயாரிக்கிறது. 1992இல் ஆனந்தமைடு, 1995இல் 2-ஏ.ஜி. என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. இவை வந்து ஒட்டும் ஏற்பிகளில் சி.பி.1 நரம்பணுக்களில் ஏராளம். சி.பி.2 நோய் எதிர்ப்புச் செல்களுக்கு உரியது. அமைதியான மைக்ரோகிளியாவில் மிகக் குறைவாக உள்ள சி.பி.2, அழற்சி தொடங்கியதும் கூடுகிறது.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டில் வளர்த்த மைக்ரோகிளியாவைப் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளால் தூண்டிவிட்டு, பிறகு அந்தத் திரவத்தில் ஒரு வினைபொருளைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு ஏறும். நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்கு நிறம். சில கன்னபினாய்டுகளை முன்கூட்டியே கொடுத்த செல்களில் அந்த நிறம் வெளிறிக் கிடக்கும்.

என்னை மிகவும் ஈர்ப்பது 2-ஏ.ஜி.யின் கதை. மைக்ரோகிளியாவை அடக்கும் இதே பொருளை எம்.ஏ.ஜி.எல். என்ற நொதி உடைக்கும்போது அராக்கிடோனிக் அமிலம் வருகிறது. அதிலிருந்துதான் அழற்சியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. அதாவது தணிப்பதும் அதுவே, உடைந்தால் தூண்டுவதற்கு மூலப்பொருளும் அதுவே! எலிகளில் இந்த நொதியைத் தடுத்தபோது 2-ஏ.ஜி. கூடியது, மூளையில் புரோஸ்டாகிளாண்டின் குறைந்தது. 2011இல் வந்த இந்த முடிவு பலரின் ஆய்வுப் பாதையையே மாற்றியது.

சரி, கஞ்சாவில் போதை தரும் கன்னபினாய்டான டி.எச்.சி.? 2013இல் எலிகளில் செய்த ஆய்வில், அது சி.பி.1 வழியாக மூளையில் காக்ஸ்-2 என்ற அழற்சி நொதியைக் கூட்டியது. எலிகளின் நினைவாற்றலும் குறைந்தது. தட்டில் மைக்ரோகிளியாவை அடக்கிய பொருள்தான் இதுவும். கஞ்சாவிலேயே உள்ள, போதை தராத சி.பி.டி.யோ சி.பி.1, சி.பி.2 ஆகிய இரண்டு ஏற்பிகளிலும் சரியாக ஒட்டுவதே இல்லை. வேறு வழிகளில் வேலை செய்கிறது.

அப்புறம், எலியிலிருந்து மனிதருக்கு வரும் தூரம் பெரியது. 2016இல் பிரான்சின் ரென் நகரில், ஆனந்தமைடை உடைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்தைச் சோதித்தபோது நலமாயிருந்த தன்னார்வலர் ஒருவர் இறந்தார்.

சி.பி.டி. மருந்துக்கு அமெரிக்கா 2018இல் ஒப்புதல் தந்தது, கடுமையான இரண்டு வகை வலிப்பு நோய்களுக்காக; மூளை அழற்சிக்காக அல்ல. வலிப்புக்கு ஏற்கெனவே வால்புரோயேட் எடுப்பவர்களுக்கு அதனுடன் சி.பி.டி. சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும். குளோபசாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்துடன் சேர்ந்தால் தூக்கக் கலக்கம் அதிகமாகும். ஆகவே எண்ணெயாகவோ மாத்திரையாகவோ சி.பி.டி. எடுப்பவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள். வணக்கம்.