மெல்லிய மேகம், பெரிய கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் பினாங்குக் கொடிமலை உச்சியைச் சில நாள் மெல்லிய மேகம் மூடிக்கிடக்கும். வெயில் ஏறினால் கரைந்துவிடும் என்று நாம் அதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் பூமி இன்னும் எவ்வளவு சூடாகும் என்ற கணக்கில் விஞ்ஞானிகளை அதிகம் திணறடிப்பது இப்படித் தாழ்வாகப் படரும் மேகங்கள்தான்.

இவை பெரும்பரப்பில் கிடப்பது பெரு, சிலி, நமீபியா, கலிபோர்னியா கரையோரக் குளிர்ந்த கடல்களின் மேல். தடிமன் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும். தாழ்வாக இருப்பதால் அவையும் கடலைப் போலவே வெப்பத்தை விண்வெளிக்கு வெளியேற்றும். பிடித்து வைத்துக்கொள்வது குறைவு. மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கின்றன.

சரி, பூமியின் தட்பவெப்பத்தைக் கணக்கிடும் கணினி மாதிரியில் என்ன சிக்கல்? மாதிரி உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. ஒரு கட்டம் சுமார் 100 கிலோமீட்டர் அகலம் இருக்கும். பினாங்குத் தீவும் செபராங் பிறையும் அதற்குள் அடங்கிவிடும். அகலத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு உயரம்தான் முக்கியமாகப் படுகிறது. மாதிரி காற்றையும் அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. ஒரு காற்றடுக்கு 200 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 50 மீட்டர் மேகம் கட்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. கன அளவில் அது கால்வாசி. மேகம் இருக்கும் இடத்தில் அடுக்கின் முழு உயரத்தையும் நிரப்பும் என்று மாதிரி எடுத்துக்கொண்டால், பரப்பும் கால்வாசியாகிவிடும். நிஜத்தில் வானம் முழுக்க மூட்டம். கணினியில் முக்கால்வாசி வெறும் வானம்!

ரொட்டி சானாய் மாவை நினைத்துப் பாருங்கள். வீசி விரித்தால் மேசையை மூடும், மடித்தால் ஒரு மூலையில் அடங்கும். மாவு அதேதான். மேகத்திலும் நீர் அதேதான், ஆனால் ஒரு மூலையில் குவிந்த நீர் பரவிய நீரளவுக்கு வெயிலைத் திருப்பாது.

மாதிரியில் இப்படித் திரும்பும் வெயில் குறைந்ததை எப்படிச் சரிக்கட்டினார்கள்? மொத்தக் கணக்கு செயற்கைக்கோள் அளவோடு ஒத்துப்போக வேண்டும் என்று மாதிரிகளைத் திருத்தியதில், இருக்கிற கொஞ்ச மேகமும் அளவுக்கு மீறிப் பிரகாசமாகிவிட்டது. 2006இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோளின் லேசர் அளவீடுகளோடு ஒப்பிட்டபோது இது பல மாதிரிகளில் தெரிந்தது: தாழ்மேகம் குறைவு, பிரகாசம் அதிகம். ஒரு பிழை இன்னொரு பிழையை மறைக்கும்போது இன்றைய விடை சரியாகத்தான் வரும். கடல் சூடேறி மேகம் கலையும் காலத்துக்கு அந்த விடையை எப்படி நம்புவது? கரியமில வாயு இரட்டிப்பானால் கூடும் வெப்பம் 2.5 முதல் 4 பாகைக்குள் இருக்கலாம் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி 2021இல் பல சான்றுகளைச் சேர்த்துச் சொன்னது. அண்மைக்கால மாதிரிகளோ தனித்தனியே 1.8இலிருந்து 5.6 வரை சொல்கின்றன. இவ்வளவு இடைவெளிக்குத் தாழ்மேகங்கள் முக்கியக் காரணம்.

அடுக்குகளை மெல்லியதாக்கலாம், ஆனால் கணினிச் செலவு ஏறும். மேகத்தின் பரப்பையும் கன அளவையும் தனித்தனியே கணக்கிடுவது மலிவான வழி. முதலில் செய்ய வேண்டியதும் அதுதான் என்பேன். அப்புறம் பழைய சரிக்கட்டல்களைக் கழற்ற வேண்டும். சில காலம் மாதிரியின் விடை முன்பைவிட மோசமாகத் தெரியலாம். அதற்குப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. மலேசிய வெள்ளத்துக்கும் கெடா நெல்லுக்கும் எதிர்கால மதிப்பீடு செய்பவர்கள் இந்த உலக மாதிரிகளின் விடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் ஒரே செயற்கைக்கோளில் ரேடாரும் லேசரும் சேர்த்து மேகங்களை அளந்து வருகிறது. கலிப்சோவின் பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பெருவின் கரையோரத் தாழ்மேகம் ஒரு மாதிரியில் எவ்வளவு, அளவீட்டில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நன்றி, வணக்கம்.