சுவரில் ஒட்டினால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

தன்னம்பிக்கைக் கூட்டங்களுக்குப் போனவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். 1953இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் தங்கள் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால், அவர்களுடைய சொத்து மீதி 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தைவிட அதிகமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை என்று யேல் நூலகமே சொல்லிவிட்டது. மேடைகளில் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது வேறு விஷயம்.

இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிற பலரை நான் பார்க்கிறேன். ஒட்டுவது தப்பில்லை. அதற்கு அடுத்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. லைஃப் கோச்சிங், அதாவது இலக்கை அடையக் கேள்வி கேட்டு வழிகாட்டும் பயிற்சி, என்று இன்று பணம் கட்டிக் கற்றுக்கொள்கிற முறைகளில் பழையதும் எளியதுமான ஒன்றுக்கு 'குரோ' (GROW) என்று பெயர். 1980களில் பிரிட்டனில் உருவானது. அதில் இருப்பது நான்கே கேள்விகள். உனக்கு என்ன வேண்டும்? இப்போது நிலைமை என்ன? என்னென்ன வழிகள் இருக்கின்றன? இவற்றில் எதை, எப்போது செய்யப் போகிறாய்?

இதைப் பிரபலப்படுத்திய ஜான் விட்மோர் கார் பந்தய வீரர். 1965இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன். பந்தயத்தை விட்ட பிறகு அவர் திமதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்தார். "பந்தைப் பார், பந்தைப் பார்" என்று பயிற்சியாளர் எவ்வளவு கத்தினாலும் ஆடுபவர் பந்தைப் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, "பந்து வலைக்கு எவ்வளவு உயரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் சுழல்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்காகவாவது அவர் பந்தைப் பார்த்தே ஆக வேண்டும். கட்டளையால் நடக்காத வேலை கேள்வியால் நடந்துவிடுகிறது. குரோ முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதாவது 'இப்போது நிலைமை என்ன?' என்ற இரண்டாவது கேள்வியில். நாம் அவசர அவசரமாகத் தாண்டிப் போவதும் அதையேதான்.

நம் வீடுகளில் நடக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் அக்கா. அடகுக் கடையில் நகையை வைத்து 1,20,000 ரூபாய் வாங்கியிருக்கிறார், இரண்டு ரூபாய் வட்டிக்கு. "இந்த வருஷம் எப்படியாவது நகையை மீட்டுடணும்" என்பது அவருடைய இலக்கு. போன வருடமும் அதுதான் இலக்கு. பக்கத்து வீட்டுத் தங்கை கேட்கிறாள்:

"மாசம் வட்டி எவ்வளவுக்கா கட்டுறீங்க?"

"ரெண்டாயிரத்து நானூறு."

"எத்தனை வருஷமா?"

"வர்ற தை வந்தா நாலு வருஷம்."

"அசல்ல ஏதாவது குறைஞ்சிருக்கா?"

அக்கா பதில் சொல்லவில்லை, மனதுக்குள் கணக்குப் போடுகிறார். தை வந்தால் 1,15,200 ரூபாய் வட்டியாகவே போயிருக்கும். கிட்டத்தட்ட அசல் அளவுக்கு. சிக்கனமாக இரு, கடன் வாங்காதே என்று பத்துப் பேர் சொல்லியும் உறைக்காத விஷயம் மூன்று சின்னக் கேள்விகளில் உறைத்துவிட்டது.

தங்கை "ஏன் அடகு வச்சீங்க?" என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? விட்மோரும் இதை வலியுறுத்துவார். ஏன் என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தன் பக்க நியாயத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார். மாமியார் ஆஸ்பத்திரிச் செலவு, கொழுந்தனார் கல்யாணம் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். எவ்வளவு, எப்போது, எத்தனை முறை என்று கேட்டால் நிலவரம் வெளியே வரும். உடம்பைக் குறைக்க நினைப்பவருக்கும், அரசுத் தேர்வுக்குப் படிப்பவருக்கும் இதே கதைதான். "ஒழுங்காப் படிக்கலை" என்பது நிலவரம் இல்லை, அது திட்டு. "போன வாரம் எத்தனை நாள் புத்தகத்தைத் திறந்தாய், எத்தனை மணிக்கு மூடினாய்?" என்பதற்கு வரும் பதில்தான் நிலவரம்.

மூன்றாவது, வழிகள். நல்ல வழி, கெட்ட வழி என்று பார்க்காமல் முதலில் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். வங்கியில் வட்டி குறைவாக இருந்தால் கடனை அங்கே மாற்றுவது. ஒரு நகையை விற்று மற்றதை மீட்பது. சீட்டுப் பணம் கைக்கு வரும்போது அசலில் கட்டுவது. மாதாமாதம் வட்டியோடு அசலிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்வீர்களா என்று கடையிலேயே கேட்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

பிறகு முடிவு. "சீக்கிரம் வங்கிக்குப் போறேன்" என்பது முடிவு ஆகாது. "திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, அடகு ரசீதோடு அப்படியே வங்கிக்குப் போகிறேன்" என்பதுதான் முடிவு. எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். யேல் கதை போல இல்லை, இந்த ஆய்வுகள் உண்மையிலேயே நடந்தவை.

விட்மோரிடம் இன்னொரு கண்டிப்பான சோதனை உண்டு. இதைச் செய்வேன் என்பதில் பத்துக்கு எத்தனை மார்க் போடுவாய்? எட்டுக்குக் கீழே போனால் வேலையைச் சிறிதாக்கு, அல்லது நாளைக் கூட்டிக்கொள். அப்படியும் எட்டு வரவில்லையா, அந்த வரியை அடித்துவிடு, எப்படியும் நீ செய்யப் போவதில்லை. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். உற்சாகப்படுத்துகிறேன் என்று ஆளை ஏமாற்றாமல் இருக்கிறார் மனிதர்.

இதற்குக் காசு கொடுத்து ஒரு கோச் வேண்டுமா? இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்டிக்கொள்ள உரிமம் எதுவும் தேவையில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது இலக்கு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, நம்பிக்கையான ஒருவர் எதிரில் உட்கார்ந்து இந்த நான்கையும் கேட்டால் போதும். ஒரே ஒரு நிபந்தனை, கேட்கிறவர் ஆலோசனை சொல்லக் கூடாது. நம் ஊரில் அப்படி ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் சிரமம்.

வணக்கம்.