நீங்கள் நிற்பது ஏரியில்: ஊர் வரலாறும் கைப்பேசிச் செயலியும்

(சென்னை நாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

தி. நகர் பனகல் பூங்கா பக்கம் போகாதவர்கள் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டீர்கள். அங்கே நின்றால் என்ன தெரிகிறது? ஜவுளிக் கடை, நகைக் கடை, மேம்பாலம், ஆட்டோ, ஜனக்கூட்டம். இந்தப் பேட்டையே ஓர் ஏரிப் படுகையில் எழுந்தது என்று சொல்ல அங்கே சின்ன அடையாளம்கூட இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள், அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். 1920களில் தண்ணீரை வடித்து, மனை பிரித்து, நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரியில்தான்.

இதையெல்லாம் புத்தகத்தில் எழுதலாம், எழுதியிருக்கிறார்கள். ஆனால் புத்தகம் படிக்கிறவர் வீட்டில் இருக்கிறார். பூங்கா வாசலில் நிற்கிறவர் கையில் இருப்பது செல்போன். அது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அறிந்த ஒரு கருவி. நூறு வருடத்துக்கு முன் அச்சான வரைபடத்தை அதன் திரையில் விரித்து, நீங்கள் நிற்கும் இடத்தை ஒரு நீலப் புள்ளியாகக் காட்டினால், அந்தப் புள்ளியைச் சுற்றிலும் தண்ணீர் தெரியும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏன் இங்கேயே வந்து நிற்கிறது என்று கேட்கிற மாம்பலத்துக்காரருக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஊர் வரலாற்றுக்குச் செயலி செய்கிறவர்கள், நிற்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாதது எது என்று கேட்டு, அதை மட்டும் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றையும் புத்தகம் நன்றாகவே சொல்லும். ஆண்டுப் பட்டியல், ஆளுநர் பட்டியல், அரசு கெஜட்டிலிருந்து எடுத்த பத்திகள் ஆகியவற்றைத் திரையில் கொட்டினால் வெயிலில் நின்று யார் படிப்பார்கள்?

உலகத்தில் இதை முதலில் பெரிய அளவில் காட்டியவர்களில் லண்டன் அருங்காட்சியகத்தார் உண்டு. 2010-இல் ஸ்ட்ரீட்மியூசியம் என்று ஒரு செயலி கொண்டுவந்தார்கள். தெருவை நோக்கி கேமராவைப் பிடித்தால், அதே இடத்தின் பழைய புகைப்படம் இன்றைய தெருவின் மேல் வந்து படியும். பார்க்க அழகுதான். ஆனாலும் எனக்கு அதைவிடப் பிடித்தது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாண்டில் நடந்த வேலை.

கிளீவ்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொது வரலாற்றுக்கென்று ஒரு மையம் இருக்கிறது. அவர்கள் செயலியில் தொடங்கவில்லை. ஊர்க்காரர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்து, வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்கள். மாணவர்கள்தான் பெரும்பாலும் போனார்கள். அப்புறம்தான் கிளீவ்லாண்ட் ஹிஸ்டாரிக்கல் என்ற செயலி வந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சின்னக் கட்டுரை, சில படங்கள், அந்த இடத்தைப் பற்றி அங்கே வாழ்ந்தவர் பேசிய குரல். அதற்காக அவர்கள் செய்த மென்பொருளைப் பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ் போன்ற ஊர்களும் பிறகு எடுத்துக்கொண்டன.

அந்த நகரத்தில் ஹஃப் என்று ஒரு பகுதி. கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஏழைப் பகுதி. 1966 ஜூலையில் அங்கே ஒரு மதுக்கடையில் கறுப்பினத்தவர் ஒருவருக்குக் குடிக்கத் தண்ணீர் மறுத்ததில் பிடித்த தீ, நாள்கணக்கில் எரிந்து, நான்கு பேர் உயிரைக் கொண்டுபோனது. கோடீசுவரர்களின் மாளிகைகள் வரிசையாக நின்ற யூக்ளிட் அவென்யூவுக்குச் செயலியில் இடம் இருப்பதுபோல, ஹஃபுக்கும் இடம் இருக்கிறது. ஊரின் பெருமையை மட்டும் வரைபடத்தில் குத்திவைக்கவில்லை அவர்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வெளியூரிலிருந்து வருகிறவர் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி, கடற்கரை எங்கே என்று கேட்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதிரே ராஜாஜி சாலை, அதற்கப்பால் துறைமுகத்து மதில். கடல் தெரியாது. ஆனால் ஒரு காலத்தில் கடல் அந்தச் சாலையை ஒட்டித்தான் இருந்தது. 1870களின் நடுவில் துறைமுக வேலை தொடங்கியது. நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. கடலுக்குள் கல் போட்டு அலைதாங்கிச் சுவர் கட்டியதும், வந்த மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கிவிட்டது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரத்துக்கும் அதற்கு மேலேயும் போக வேண்டிய மணல் போகவில்லை, அங்கே கடல் கரையைத் தின்றது. மெரினாவில் காற்று வாங்குகிற நாம், வடசென்னைக் குப்பங்களில் கல் கொட்டிக் கடலைத் தடுக்கிற காட்சியை வேறு ஏதோ ஊர்ச் செய்தி மாதிரி பார்க்கிறோம். இரண்டும் ஒரே மணலின் கதை. இதை இரண்டு நிமிடக் குரலில், அந்த ரயில் நிலைய வாசலிலேயே சொல்லிவிடலாம்.

அங்கிருந்து பாரிமுனைக்கு நடந்து போகலாம். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் உயரமாக ஒரு தூண் நிற்கிறது. அது 1844 முதல் 1894 வரை கலங்கரை விளக்கமாக இருந்தது. அதற்கு முன்னால் விளக்கு எரிந்தது கோட்டைக்குள், இப்போது அருங்காட்சியகம் இருக்கிற கட்டடத்தின் மேல், 1796 முதல். தூணுக்குப் பிறகு விளக்கு நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரத்துக்கே ஏறி, 1977-இல் மெரினாவின் இன்றைய கலங்கரை விளக்கம் வரும்வரை அங்கேயே எரிந்தது. மூன்று விளக்குகளின் இடங்களையும் இந்தக் கொஞ்ச தூரத்துக்குள் பார்த்துவிடலாம். நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் ஒரு கல்வெட்டுப் பலகை இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்ட குண்டு விழுந்த இடம் அது. தினம் எத்தனையோ வக்கீல்களும் கட்சிக்காரர்களும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

நீதிமன்றம் இருக்கிற நிலத்தில்தான் நம் மக்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் பட்டணம் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து, இந்தப் பட்டணத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள். மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பக் கிடைத்தபின், கோட்டைக்கு முன்னால் மறைப்பு இருக்கக் கூடாது என்று மிச்சமிருந்த வீடுகளையும் ஆங்கிலேயர் அகற்றினார்கள். சென்னக் கேசவப் பெருமாள் கோயிலும் போனது. பிறகு மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முயற்சியில் பூக்கடைப் பக்கம் சென்னக் கேசவருக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில் எழுந்தது. இனி இங்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்று எல்லை காட்ட 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நட்ட தூண்கள் ஆறு. அவற்றில் ஒன்று இன்னும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் நிற்கிறது. ஒரு ஊரையே பெயர்த்து எடுத்ததற்கு அங்கே சாட்சியாக இருப்பது அந்தக் கல் ஒன்றுதான்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் டவுன் சந்துகளில் ஜிபிஎஸ் தடுமாறும். இரண்டு பக்கமும் கட்டடம் நெருக்கினால் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்துவதிலும் பிசகு வரும். கோட்டை மூலை, கோயில் கோபுரம், பழைய தேவாலயம் என்று இடம் மாறாதவற்றை இரண்டிலும் அடையாளம் கண்டு, ஒன்றோடொன்று இணைத்துத்தான் பொருத்துகிறோம். காகிதம் சுருங்கியிருக்கும், அந்தக் காலத்து அளவையில் பிழை இருக்கும். ஆகவே திரையைப் பார் என்று சொல்வதைவிட, "பச்சைக் கதவுக்கு எதிரே நில்லுங்கள், வலது பக்கம் மேலே பாருங்கள்" என்று குரலில் சொல்வது நல்லது. பிராட்வேயில் திரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது ஆபத்தும்கூட. ஓரமாக நிற்க இடம் உள்ள இடங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டு, வெளியே நெட் இல்லாமல் கேட்க வசதி வேண்டும். தேடும் இடத்தில் எல்லாப் பெயரும் இருக்க வேண்டும். பிரகாசம் சாலை என்று தேடினாலும் பிராட்வே என்று தேடினாலும் ஒரே இடம் வரட்டும்.

அடுத்தது, சரிபார்ப்பு. தீவுத்திடல் பக்கம், சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை இருக்கிறது. சேணமும் இல்லை, கால் வைக்கிற வளையமும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், பிறகு அந்த அவமானத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று ஊரில் ஒரு கதை. சிலையைச் செய்த பிரான்சிஸ் சாண்ட்ரி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரையும் சேணமும் வளையமும் இல்லாத குதிரையில்தான் உட்கார்த்தியிருக்கிறார். மறதி இல்லை, அது அவர் பாணி. என் கருத்து, ஊர்க் கதையைத் தூக்கிப் போட வேண்டாம். மக்கள் ஏன் அப்படிச் சொல்லி வந்தார்கள் என்பதும் வரலாறுதான். ஆனால் கதை எது, சான்று எது என்று கேட்கிறவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். செயலி சொன்னால் நம்பிவிடுகிற தலைமுறை இது.

இப்போது என் மனக்குறை. சென்னை வரலாறு என்றாலே கோட்டை, மயிலாப்பூர், மவுண்ட் ரோடு. பெரம்பூர் பக்கம் வரைபடம் காலி. அங்கே இருந்த பக்கிங்காம் கர்நாடிக் துணி ஆலையின் தொழிலாளர்கள் சேர்ந்த சென்னைத் தொழிற்சங்கம் 1918 ஏப்ரலில் பிறந்தது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் நிற்கும் பெயர் அது. 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதி வழியில் பிளந்தார்கள். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஆலை 1990களில் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள். கண்ணுக்குத் தெரியாதது என்று நான் சொன்னேனே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் இல்லை. ஹஃபுக்குக் கிளீவ்லாண்ட் கொடுத்த இடத்தைப் புளியந்தோப்புக்கு நாம் கொடுக்க வேண்டும். அந்த ஆலையில் தறி ஓட்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சங்கு ஊதும் நேரம், ஷிப்டு முடிந்து வெளியே வரும் கூட்டம், டீக்கடைக் கணக்கு எல்லாம் அவர்கள் நினைவில் இருக்கின்றன. வயதாகிக்கொண்டிருக்கிறது. செயலி அடுத்த வருடம் வரலாம், குரலை இந்த வருடமே பதிவு செய்தாக வேண்டும். பதிவதற்கு முன் எங்கே போடப் போகிறோம் என்று சொல்லி அவர்களிடம் சம்மதம் வாங்குங்கள். முடிந்ததும் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்ன வரியை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, ஆயுள். நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. 1792-இல் எழுந்த மதராஸ் வானாய்வுக்கூடத்தின் தூண். ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் அறிய வேண்டும் என்று தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதில் செய்தியை வெட்டி வைத்தார்கள். இருநூறு ஆண்டு தாண்டியும் எழுத்து இருக்கிறது. நம் செயலிக்கு அந்த ஆயுள் கிடையாது. போனின் இயங்குதளம் சில தடவை மாறினாலே, புதுப்பிக்க ஆளில்லாத செயலி திறக்காது. நிதி கொடுக்கிறவர்கள் திறப்பு விழாவுக்குத்தான் கொடுப்பார்கள், பராமரிப்புக்குக் கொடுப்பது அபூர்வம். அதனால் கட்டுரை, படம், குரல், இருப்பிடக் குறிப்பு நான்கையும் செயலிக்கு வெளியே, எந்தக் கணினியிலும் திறக்கிற சாதாரணக் கோப்புகளாக வைத்திருங்கள். ஒரு பிரதி கல்லூரி நூலகத்தில், ஒன்று பொது நூலகத்தில். செயலி போனாலும் வேறொருவர் புதிதாகச் செய்துகொள்ள முடியும்.

கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரே ஒரு தெருவை எடுங்கள், உங்கள் தெருவாகவே இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் பழைய புகைப்படம் இருந்தால் முன்பக்கம் மட்டும் படம் எடுக்காதீர்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும், பென்சிலில் எழுதிய தேதியும், யார் யார் நிற்கிறார்கள் என்ற பெயர்களும் அங்கேதான் இருக்கும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவற்றோடு வாருங்கள், எந்த இடத்தில் எடுத்தது என்று சேர்ந்து உட்கார்ந்து வரைபடத்தில் குறிப்போம்.

நன்றி, வணக்கம்.