விரல் நுனியில் ஒரு சுருசுருப்பு

நேயர்களுக்கு வணக்கம். எனக்குக் கரண்ட் அடித்த கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெரிய ஷாக்கை விட, அதற்கு முன்னால் வந்த சின்னச் சின்ன ஷாக்குகள்தான் என்னை இன்றும் உறுத்துகின்றன.

எங்கள் வாஷிங் மெஷினைத் தொட்டால் விரல் நுனி சுருசுருவென்று இருக்கும், எறும்பு ஊர்வது மாதிரி. புறங்கை பட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். ரப்பர் செருப்பு போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது. அதனால் மெஷினுக்கு முன்னால் எப்போதும் ஒரு ஜோடி செருப்பு கிடக்கும். இரண்டு மாதம் இப்படியே ஓட்டினோம்.

ஒரு நாள் காலையில் தரையெல்லாம் ஈரம். வெறுங்காலோடு போய்விட்டேன். இடது கை மெஷினின் விளிம்பில் இருக்க, சோப்பு நுரையோடு வலது கையால் குழாயை மூடப் போனேன். இரும்புக் குழாய். தொட்டதுதான் தெரியும், இரண்டு கையும் இறுகிக்கொண்டன. விட வேண்டும் என்று நினைக்க நினைக்க விரல்கள் இன்னும் கெட்டியாகப் பிடிக்கின்றன. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நெஞ்சு கல்லாகிவிட்டது. கண்ணுக்கு நேரே குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அண்ணிதான் பார்த்தார். என்னைத் தொடவில்லை. நேராக ஓடி மெயினை இறக்கினார். அவர் என் தோளைப் பிடித்து இழுத்திருந்தால் அவரும் மாட்டியிருப்பார். அந்த நொடியில் அவருக்கு அது தோன்றியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். அப்புறம் மருத்துவமனை, இசிஜி. இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கை ஏன் விடவில்லை? விரல்களை விரிக்கும் தசையை விட மடக்கும் தசைக்கு வலு அதிகம். கரண்ட் இரண்டையும் சேர்த்து முறுக்கும்போது மடக்கும் தசைதான் ஜெயிக்கும். சார்லஸ் டால்சீல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை ஆட்களை வைத்தே அளந்து பார்த்தார். பிடித்ததை விட முடிகிற எல்லை சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. சுருசுருப்பு தெரிவதற்கு சுமார் 1 மில்லி ஆம்பியரே போதும். காய்ந்த தோல் ஆயிரக்கணக்கான ஓம் தடை கொடுக்கும், நன்றாக நனைந்துவிட்டால் அது 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். இரண்டு மாதமாக எறும்பு ஊர்ந்த அதே மெஷின்தான் அன்று என்னைப் பிடித்தது. என் கையும் காலும் நனைந்திருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். அதிலும் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் கரண்ட் நெஞ்சைக் கடந்துதான் போகும்.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் ட்ரிப் ஆகி கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் அன்று எங்கள் வீட்டில் இல்லை. இப்போது இருக்கிறது. மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை நானே அழுத்திப் பார்க்கிறேன்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து முதலில் பிளக்கைத்தான் கழற்றினார். உள்ளே எர்த் வயர், அந்தப் பச்சை வயர், ஸ்க்ரூவிலிருந்து கழன்று ஓரமாகச் சுருண்டு கிடந்தது. மோட்டாரில் கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் மெஷினின் உடம்பிலேயே நின்றிருக்கிறது. "எத்தனை நாளா லேசா அடிச்சுது?" என்று கேட்டார். அண்ணியும் நானும் அந்தச் செருப்பைப் பார்த்தோம்.