பேஜர் அடித்ததும் ஓடுகிற பையன் பாராமெடிக் ஆவது எப்படி?

(திரை இருட்டு. பேஜர் சத்தம் மட்டும்.)

ராத்திரி இரண்டரை மணி. பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர். தலைமாட்டில் பேஜர் கத்துகிறது, இருபது வயதுப் பையன் ஒருவன் பாதித் தூக்கத்திலேயே பேன்ட்டை மாட்டிக்கொண்டு காரை எடுக்கிறான். பகலில் அவனுக்கு டயர் கடையில் வேலை. இந்த ஓட்டத்துக்குச் சம்பளம் கிடையாது.

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் இப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான். 1736-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியாவில் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு இப்படி ஒரு குழுவை ஆரம்பித்தார். பெரிய நகரங்கள் சம்பள வீரர்களுக்கு மாறிய பிறகும் சின்ன ஊர்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

சரி, நம் பையனுக்கு இதையே முழுநேர வேலையாக்க ஆசை. சாயங்காலம், சனி, ஞாயிறு என்று பயிற்சிக்குப் போய் 'ஃபயர்ஃபைட்டர் ஒன்று' சான்றிதழ் வாங்கிவிட்டான். ஹோஸ் பிடிக்கத் தெரியும், புகைக்குள் தவழத் தெரியும், இது போதாதா என்கிறான். போதாது. அங்கே தீயணைப்பு நிலையங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டி. தீ என்று வருவது நூற்றுக்கு நாலைந்துதான்.

அதனால் முதலில் ஈ.எம்.டி. படிப்பு, அதாவது ஆம்புலன்ஸ் வேலைக்கான அடிப்படை அவசர சிகிச்சைப் பயிற்சி, 150 மணி நேரம், 200 மணி நேரம் என்று ஊருக்கு ஊர் மாறும். அதற்கு மேலே பாராமெடிக், மருந்து ஏற்றுவது வரை கற்றுக்கொள்கிற அடுத்த படி: 1,000 மணி நேரத்துக்கும் மேல், பாதி வகுப்பில், மீதி ஆஸ்பத்திரியிலும் ஓடுகிற ஆம்புலன்சிலும்.

(காட்சி: ஒரு வீட்டு ஹால். தரையில் ஒருவர்.)

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இங்கே பாருங்கள். இவருக்கு இதயம் நின்றுவிட்டது. ஈ.எம்.டி. நெஞ்சை அழுத்துகிறார், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டராவது அமுங்க வேண்டும், இரண்டு நிமிடத்துக்கொரு தரம் ஆள் மாற்றிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அதற்குள் கை ஓய்ந்துவிடும். பாராமெடிக் ஈசிஜி கோட்டைப் படிக்கிறார், ஊசி போட ரத்தக்குழாய் கிடைக்கவில்லை என்றதும் முழங்காலுக்குக் கீழே கையடக்க டிரில்லை வைத்து எலும்புக்குள்ளேயே ஊசியை இறக்கி இதயத்தைத் தூண்டும் எபிநெஃப்ரின் மருந்தை ஏற்றுகிறார். முதல் தடவை பார்க்கிறவருக்கு வயிறு புரளும். அந்த ஹாலில் ஒரு டாக்டர் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இந்த பாராமெடிக் தொழில் தீயணைப்புத் துறையில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதே பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்கில், 1967-இல் ஆரம்பித்த ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்சில் கறுப்பின இளைஞர்களுக்கு டாக்டர் பீட்டர் சாஃபர் தீவிரமான பயிற்சி கொடுத்தார். அதுவரை அந்த ஊரில் நோயாளியை ஏற்றிப்போனது போலீஸ் வேன். இதை இன்னும் அதிகம் பேர் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அப்புறம் உடல் தேர்வு. பல துறைகள் வைப்பது சிபேட் (CPAT) என்ற தேர்வு. 22 கிலோவுக்கு மேல் எடையுள்ள மேலங்கி, அதற்கு மேல் தோளில் இன்னொரு 11 கிலோ, நிற்காமல் நகரும் படி இயந்திரத்தில் மூன்று நிமிடம், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறக் கூடாது. இறங்கியதும் தோள் எடை மட்டும் போகும், மேலங்கி அப்படியே இருக்கும், ஹோஸ் இழுப்பு, ஏணி, 75 கிலோ பொம்மையை இழுத்துவருவது என்று இன்னும் ஏழு வேலை. மொத்தம் 10 நிமிடம் 20 விநாடி. ஒரு விநாடி தாண்டினாலும் தோல்வி.

தேறினால் எழுத்துத் தேர்வு, நேர்முகம், பின்னணி விசாரணை, அப்புறம் அகாடமி என்கிற துறைப் பயிற்சிப் பள்ளி. சான்றிதழ் இருந்தாலும் பல இடங்களில் அகாடமியை முதலிலிருந்து முடிக்கத்தான் வேண்டும், நம் பையனுக்கு அது எரிச்சலாக இருக்கும். அதன் பிறகு ஒரு வருடம் போல புரொபேஷன்: சாப்பாட்டுக்குக் கடைசியில் உட்கார வேண்டும், பாத்திரம் கழுவ முதலில் எழுந்திருக்க வேண்டும். பல ஊர்களில் 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு.

ஒரு விஷயம், எல்லா ஊரும் ஒன்றல்ல. நியூயார்க் நகரத்தில் தீயணைப்பும் ஆம்புலன்சும் ஒரே துறை, ஆனால் தீயணைப்பவர் வேறு, பாராமெடிக் வேறு. சில துறைகள் பாராமெடிக் லைசென்ஸ் வைத்திருப்பவரை மட்டுமே எடுக்கும், சில துறைகள் ஆளை எடுத்துவிட்டுச் சம்பளத்தோடு தாங்களே படிக்கவைக்கும். படிப்புக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டுவதற்கு முன்னால், தான் சேர விரும்பும் துறை இதில் எந்த ரகம் என்று பையன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடட்டும்.